அடைக்கும் முன் ஒரு சொல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவிலே பேச வேண்டுமென்று சங்கத்தார் பணித்தபோது, இலக்கியத்தைப் பற்றியோ வரலாற்றைப் பற்றியோ பேசுவோமென்று அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ, வீட்டுக்குள் இருக்கின்ற ஒரு வாயில். அதுவும் எவரும் புழங்காத வாயில். அதனைச் செங்கல் வைத்து அடைப்பதா, விட்டுவைப்பதா, அடைப்பதாயின் எவ்வாறு அடைப்பது என்பதே இன்றைய பேச்சு. இஃது ஒரு பேச்சா என்று எண்ணுவோர் சிறிது பொறுத்தருள்க. இந்த மன்றத்திலே அமர்ந்திருக்கும் குடும்பங்களில் பாதிக் குடும்பங்களின் வீட்டிலாவது அத்தகைய வாயில் ஒன்று இருக்கும் என்று துணிந்து சொல்லலாம்.

அஃது எங்கே இருக்கிறது? பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. தையல் இயந்திரத்துக்கும் பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கும் பின்னால் இருக்கிறது. பெங்களூரில் வீடு கட்டிய நம் முன்னோர் முதலில் ஒரு கூடமும் ஓர் அறையும் சமையற்கட்டும் கட்டினர். பிள்ளைகள் வளர்ந்ததும் பக்கத்தில் இரண்டு அறைகள் சேர்த்தனர். ஒருவனுக்குத் திருமணமானதும் அதனையே தனிப் 'போர்ஷன்' ஆக்கினர். அவன் வேற்றூர் சென்றதும் வாடகைக்கு விட்டனர். வீடு வளர்ந்து, பிரிந்து, மீண்டும் சேர்ந்து, மீண்டும் பிரியும்போது, நடுச்சுவரில் ஒரு வாயில் மட்டும் இரு பக்கமும் தாழிடப்பட்டு நின்றுவிடுகிறது. பயன் இல்லை, இடம் அடைக்கிறது. ஒரு பக்கத்துப் பேச்சு மறுபக்கம் கேட்கிறது. கரப்பான் பூச்சி மட்டும் தடையின்றிப் போய்வருகிறது. "அடைத்துவிட்டால் என்ன?" என்ற எண்ணம் அப்போது தோன்றும்.

வாயில் என்னும் சொல்லையே சற்று நோக்குவோம். இல்லத்தின் வாய் என்னும் பொருளில் 'இல்வாய்' என்று நிற்க வேண்டிய சொல், முன்பின்னாக மாறி 'வாயில்' என்று நின்றது என்பர் இலக்கணம் வல்லோர். 'இல்முன்' என்பது 'முன்றில்' ஆனதும் அவ்வாறே. நம் கன்னட நண்பர்கள் 'பாகிலு' என்பதும் இதற்கு உறவான சொல்லே. வாய் உண்ணவும் வேண்டும், பேசவும் வேண்டும். வீட்டின் வாயும் அத்தகையதே. அதன் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன, உறவும் வருகிறது.

நாம் வாழும் தொம்மலூருக்கும் வாயிலுக்கும் உள்ள தொடர்பு பழையது. நம் ஊர்ச் சொக்கநாத சுவாமி கோயிலை அறியாதார் இலர். பெயரைக் கேட்டுச் சிவன் கோயில் என்று எண்ணுவோர் உண்டு. உள்ளே எழுந்தருளியிருப்பவர் திருமால். கல்வெட்டுகள் அவரைச் சொக்கப் பெருமாள் என்கின்றன. அக்கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் பல உள்ளன. அவற்றுள் 1270ஆம் ஆண்டினது எனப்படும் கல்வெட்டு, அழகியார் என்பவர் கோயிலுக்கு இரண்டு வாயில் நிலைக்கால்கள் அளித்த செய்தியைச் சொல்கிறது. எண்ணிப் பாருங்கள். ஏழரை நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவர் நிலமும் பொன்னும் கொடுத்தாரென்று அன்று; இரண்டு நிலைக்கால் நிறுத்தினாரென்று கல்லில் வெட்டி வைத்தனர். ஒரு வாயிலை நிறுத்துவது ஊரார் நினைவில் இருக்கத் தக்க அறமாக அவர்களுக்குத் தோன்றியது. அப்படியாயின், ஒரு வாயிலை அடைப்பதும் சிறிது எண்ணிச் செய்ய வேண்டிய செயலே அன்றோ?

இனி எங்கள் வீட்டுச் செய்திக்கு வருவோம். பிறர் வீட்டைச் சொல்லி அறிவுரை கூறுவதினும் நம் வீட்டைச் சொல்லி நாணுவது நன்று.

எங்கள் வீடு ஒரே மதிலுக்குள் இரண்டு பகுதிகளாக உள்ளது. ஒன்றில் தமையனார் குடும்பம், மற்றொன்றில் நாங்கள். நடுச்சுவரில் மூன்றடி அகலமும் ஏழடி உயரமும் உள்ள வாயில் ஒன்று இருந்தது. அன்னையார் உயிரோடிருந்தவரை அதற்குத் தாழ் என ஒன்று உண்டென்பதே எவர் நினைவிலும் இல்லை. காலையில் இங்கே காப்பி அருந்துவார். மாலையில் அங்கே விளக்கேற்றுவார். இங்கு வைத்த குழம்பு அங்கும், அங்குச் செய்த கேசரி இங்கும் அவர் கையிலேயே போய்வரும். அவர் மறைந்தபின் ஓராண்டுக்குள் அந்தக் கதவு மூடிற்று. மூடியவர் இன்னாரென்று சொல்வதற்கில்லை. குளிர் என்று ஒரு நாள், தொலைக்காட்சி ஓசை என்று ஒரு நாள் சாத்தினோம், பிறகு திறக்கவில்லை. எங்கள் பக்கம் ஒரு பீரோ வந்து நின்றது.

2024ஆம் ஆண்டுக் கோடையில் இந்நகரம் தண்ணீருக்குப் பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் இரு குடும்பத்துக்கும் நிலத்தடித் தொட்டி ஒன்றே. குழாய்நீர் போதாமல் லாரித் தண்ணீர் வாங்கினோம். யார் எத்தனை லாரிக்குப் பணம் கொடுத்தது, யார் மோட்டாரை அதிக நேரம் ஓட்டியது என்று பேச்சு வந்தது; பேச்சு தடித்தது. ஐம்பது ஆண்டு உறவு ஒரு தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கிற்று. இரு வீட்டாரும் முகம் பார்ப்பதை நிறுத்தினோம். அந்த வாரமே கொத்தனாரை அழைத்து, "இந்த வாயிலை அடைத்துவிடுங்கள்" என்றோம்.

அவர் தருமபுரிப் பக்கத்தவர், முதியவர். பீரோவைச் சற்று நகர்த்தச் சொல்லி நிலையைத் தட்டிப் பார்த்தார். பின்பு, "ஐயா, மறுபடி திறக்கிற மாதிரி அடைக்கவா? திறக்காத மாதிரி அடைக்கவா?" என்று கேட்டார்.

நமக்கு விடை கூற இயலவில்லை. அவர் கேட்டது தொழிலைப் பற்றிய கேள்வி. இரண்டுக்கும் வேலை வேறு, செலவு வேறு. நம் செவியில் அது வேறாக விழுந்தது. நாம் பேசாதிருப்பதைக் கண்டு, அவரே ஒரு வழி சொன்னார்: "ஆடி பிறக்கப் போகுதுங்க. ஆடி போகட்டும், ஆவணியிலே வைத்துக்கொள்ளலாம்." ஆடியில் கட்டட வேலை தொடங்குவதில்லை என்னும் பழக்கத்தை அதுவரை நாம் பெரிதாக மதித்ததில்லை. அன்று அது நம்மைக் காப்பாற்றியது.

அன்பர்களே! திருமறைக்காடு என்னும் வேதாரணியத்துத் திருக்கதவின் வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வேதங்கள் வழிபட்டு அடைத்துச் சென்ற முன்கதவு திறவாதிருந்தது. அடியார்கள் வேறொரு பக்கத்தில் வழி அமைத்துப் போய்வந்தனர். நாவுக்கரசரும் ஞானசம்பந்தரும் அங்கு வந்தபோது, திறக்குமாறு அப்பர் பாடினார். பதிகம் முற்றும் அளவும் காத்திருந்த பின்னரே கதவு திறந்தது. அடைக்குமாறு சம்பந்தர் பாடினார்; முதற் பாடலிலேயே அடைத்தது. அப்பரடிகள் அது குறித்து உள்ளம் வருந்தினார் என்று பெரியபுராணம் கூறும். அதற்குச் சமயவாணர் கூறும் விளக்கங்கள் பல. குடும்பத்தில் வாழும் நமக்குத் தோன்றுவது ஒன்றே: திறப்பதற்குப் பதிகம் வேண்டும், அடைப்பதற்கு ஒரு பாட்டுப் போதும்.

உலக வரலாறும் இதனையே காட்டுகிறது. இங்கிலாந்து நாட்டில் 1696ஆம் ஆண்டு சன்னலுக்கு வரி விதித்தனர். வரிக்கு அஞ்சிப் பலர் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். 1851இல் வரி நீங்கிற்று. ஆயினும் அன்று அடைத்த சன்னல்கள் சில இன்றும் அடைத்தபடியே நிற்கின்றன. 1961இல் பெர்லின் நகரைப் பிரித்துச் சுவர் எழுப்பியபோது, பெர்னவர் தெருவில் வீடுகள் கிழக்கிலும் அவற்றின் வாசலை ஒட்டிய நடைபாதை மேற்கிலும் அமைந்தன. அவ்வீடுகளின் வாயில்களையும் சன்னல்களையும் செங்கல்லால் அடைத்தனர். உற்றாரும் உறவினரும் இரு புறமும் நின்று கையசைத்தனர். அச்சுவர் திறக்க 1989ஆம் ஆண்டு நவம்பர் வரை, இருபத்தெட்டு ஆண்டுகள் சென்றன. காரணம் மறைந்த பின்னும் சுவர் நிற்கும். ஆதலின், ஒரு வாயிலை எக்காரணத்தால் அடைக்கிறோம் என்பதை அடைக்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் ஆடி மாதம் முடிவதற்குள் அதற்கு விடை வந்தது. ஒரு நாள் நள்ளிரவில் எங்கள் பீரோவுக்குப் பின்னாலிருந்து தட்டும் ஓசை கேட்டது. முதலில் கனவென்று எண்ணினோம். ஓசை நிற்கவில்லை. பின்னர்த் தமையனார் குரல் கேட்டது. அண்ணியார் குளியலறையில் வழுக்கி விழுந்து எழ இயலாது கிடந்தார். துன்பம் வந்ததும் தமையனாரின் கால், தெருவாயிலுக்குப் போகவில்லை. அன்னையார் போய்வந்த வாயிலுக்கே போயிற்று. எங்கள் பக்கமோ பீரோ, அதனுள் நிறையத் துணி, தாழ்ப்பாளோ துருப்பிடித்திருந்தது. திறக்க இயலாமல் தெருப்பக்கம் சுற்றி ஓடினோம். அண்ணியாருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மருத்துவமனையில் விடியும்வரை இருவரும் ஒரே பலகையில் அமர்ந்திருந்தோம். தண்ணீர்க் கணக்கை இருவரும் எடுக்கவில்லை. விடிந்ததும், "தம்பி, காப்பி சாப்பிட்டாயா?" என்றார் தமையனார். அவ்வளவே.

வீடு திரும்பியதும் முதல் வேலையாகப் பீரோவை நகர்த்தினோம். தாழுக்கு எண்ணெய் இட்டோம். அண்ணியார் நடக்கத் தொடங்கும்வரை ஏறத்தாழ ஐந்து மாதம் அந்த வாயில் இரவும் பகலும் திறந்தே கிடந்தது.

அப்படியாயின் இப்போது அடைத்தது ஏன் என்று கேட்பீர்கள். தமையனாரும் அண்ணியாரும் ஓசூரில் உள்ள மகள் வீட்டோடு சென்றிருக்க முடிவு செய்தனர். அவர்கள் பகுதியை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட வேண்டியதாயிற்று. குடிவருவோர் வீட்டுக்குள் உரிமையாளர் வீட்டுக் கதவு ஒன்று இருத்தல் முறையன்று. அவர்களுக்கு அது நிம்மதி தாராது. இம்முறை தமையனாரும் நாங்களும் ஒருங்கிருந்து பேசினோம். தமக்கையாரையும் தொலைபேசியில் கேட்டோம். வீடு மூவர்க்கும் உரியது. ஆதலின் ஒப்புதலை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் இட்டோம். பிறகு அதே கொத்தனாரை அழைத்தோம். அவர் அதே கேள்வியைக் கேட்டார். இம்முறை தமையனாரே விடை கூறினார்: "திறக்கிற மாதிரி."

இனித் தொழிலைப் பற்றிச் சில சொற்கள். பெண்மணிகள் இதனைக் குறித்துக்கொள்ளுதல் நலம். வீட்டு வேலையை மேற்பார்ப்பவர் பெரும்பாலும் அவர்களே.

அடைக்குமுன் ஆராய வேண்டியவை நான்கு. முதலாவது, காற்று. சன்னல் ஒன்றே உள்ள அறைக்கு எதிர்ச்சுவர் வாயிலே காற்றின் போக்குவழி. அதனை அடைத்தால் அறை புழுங்கும், சுவர் பூசணம் பூக்கும். வேறு சன்னலோ, மேலே காற்றுத் துளையோ அமைத்த பின்னரே அடைக்க வேண்டும். இரண்டாவது, தப்பும் வழி. தீ, வீழ்ச்சி, நோய் இவை சொல்லிக்கொண்டு வருவதில்லை. முதியோர் இருக்கும் அறைக்கு அதுவே இரண்டாம் வழியாயின் அடைத்தல் கூடாது. மூன்றாவது, மின்கம்பி. விளக்கின் சுவிட்சுகள் வாயிலை ஒட்டியே இருப்பது வழக்கம்; கொத்துமுன் கம்பி செல்லும் குழாய் எங்கே என்று அறிய வேண்டும். நான்காவது, எடை. மூன்றடிக்கு ஏழடி வாயிலை ஒன்பது அங்குலச் சுவராக அடைக்க இருநூறுக்கு மேற்பட்ட செங்கற்கள் வேண்டும்; கலவையோடு சேர்ந்து 800 கிலோவுக்கு மேல் எடையாகும். தரைத்தளத்தில் சுவரின் அடித்தளம் வாயிலின் கீழும் தொடர்ந்திருந்தால் அச்சமில்லை. மாடியில் கீழே உத்திரம் இல்லாத இடத்தில் இப்பாரத்தை ஏற்றலாகாது. பொறியாளர் ஒருவரைக் கேட்டு, செங்கல்லின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ள காற்றடைத்த இலேசுக் கற்களையோ, மரச்சட்டத்தில் அறைந்த சிமெண்டுப் பலகையையோ கொள்ள வேண்டும். வாயில்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிறதா என்று சிலர் கேட்பர். அதனை நம்புவோர் நம்புக. இந்நான்கையும் அதற்குமுன் பார்த்துக்கொள்க.

திறக்காத மாதிரி அடைப்பது ஒரு முறை. கதவையும் நிலையையும் கழற்றிவிட வேண்டும். மேலே உள்ள லிண்டலை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது; மேற்சுவரைத் தாங்குவது அதுவே. இரு பக்கத்துப் பழஞ்சுவரிலும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாகச் செங்கல்லைக் கொத்தியெடுத்து, பற்கள் கோப்பதுபோலப் புதுச்சுவரை அவற்றுள் கோக்க வேண்டும். செங்கற்களை நீரில் ஊறவைத்தே அடுக்க வேண்டும். ஒரே நாளில் உச்சிவரை எழுப்பலாகாது. ஈரக்கலவை காய்கையில் சுவர் சிறிது அமரும். ஆதலின் லிண்டலை ஒட்டிய கடைசி வரிசையைச் சில நாள் கழித்து இறுக்கி வைத்தல் நன்று. குறைந்தது ஏழு நாள் நீர் தெளிக்க வேண்டும். பூசுமுன், பழஞ்சுவரும் புதுச்சுவரும் சேரும் இடம் நெடுகக் கோழிவலை அறைய வேண்டும்.

இவற்றுள் ஒன்றை விட்டாலும் என்னாகும்? மாதங்கள் சில செல்லச் சுவரில் மயிரிழை போல ஒரு வெடிப்புத் தோன்றும். இடப்பக்கம் நேராக ஏறும். மேலே கிடையாகச் செல்லும். வலப்பக்கம் நேராக இறங்கும். மறைத்துவிட்டோம் என்று நாம் எண்ணிய வாயிலைச் சுவரே மீண்டும் வரைந்து காட்டும். எத்தனை முறை வண்ணம் பூசினாலும் அக்கோடு திரும்ப வரும். மனத்தாங்கலைப் பேசித் தீர்க்காமல் மேலே பூசி மறைத்த குடும்பங்களை நாம் கண்டதில்லையா?

திறக்கிற மாதிரி அடைப்பது மற்றொரு முறை; நாங்கள் கொண்டது அதுவே. கதவை மட்டும் கழற்றினோம். நிலையைக் கழற்றவில்லை. அது மரம், ஆதலின் கறையான் புகாத மருந்தும் வண்ணமும் பூசினோம். எங்கள் வீட்டில் நிலை, தமையனார் பக்கத்துச் சுவர் முகத்தோடு ஒட்டி நிற்பது. அந்த நிலைக்குள் நாலரை அங்குலச் சுவர் ஒன்றை எழுப்பினார் கொத்தனார். ஏறத்தாழ நூறு செங்கற்கள் போதுமாயின. மெல்லிய சுவராதலின் 1 பங்கு சிமெண்டுக்கு 4 பங்கு மணல் கலந்தார். சில வரிசைகளுக்கு ஒருமுறை மெல்லிய இரும்புக் கம்பி கிடத்தி, அதன் முனையை நிலையில் பிணித்தார். பழஞ்சுவரில் ஒரு செங்கல்லையும் கொத்தவில்லை. மரமும் சுவரும் சேருமிடத்தில் வெடிப்பு வருமென்று அவர் முன்னரே அறிந்தவர். ஆதலின் அங்குப் பூசி மறைக்காமல் மரப்பட்டி ஒன்றை வைத்து அறைந்தார். நாளை வேண்டுமாயின் ஒரே நாளில் அச்சுவரை எடுத்துவிடலாம். வீட்டுக்கு ஊறு நேராது.

இதனால் எங்கள் பக்கத்தில் நாலரை அங்குல ஆழமுள்ள மாடம் ஒன்று தானே அமைந்தது. அதில் மூன்று பலகைகள் பொருத்தினோம். மேல் இரண்டிலும் தமிழ் நூல்களும் சங்கத்தின் பழைய மலர்களும் உள்ளன. கீழ்ப்பலகையில் அன்னையாரின் காமாட்சி விளக்கு இருக்கிறது. வேலை முடிந்த அன்று தமையனார் ஓசூரிலிருந்து வந்திருந்தார். மாடத்தைச் சற்று நேரம் பார்த்தார். நிலையின் ஓரத்தில் பழைய தாழ்ப்பாளின் துளை இருந்தது. கொத்தனார் அதில் மக்கு வைத்து அடைக்கப் போனபோது, "அது இருக்கட்டும்" என்றார். அது இன்றும் இருக்கிறது.

அன்பர்களே! 1809இல் தண்டு அமைந்த காலந்தொட்டும், 1940இல் விமானத் தொழிற்சாலை தோன்றிய பின்னும், தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து நம்மவர் இங்கு வந்து குடியேறினர். அவர்கள் கட்டிய வீடுகள் இப்போது மூன்றாம் தலைமுறையின் கைக்கு வந்துள்ளன. பாகப்பிரிவினை வரும், இடிப்பும் கட்டலும் வரும், வாயில்கள் அடைபடும். அவற்றை வேண்டாமென்று சொல்ல நாம் வரவில்லை. தேவைக்கு அடையுங்கள், சினத்துக்கு அடைக்காதீர்கள். எண்ணம் சினத்தில் பிறந்ததாயின் ஓர் ஆடி மாதமாவது கழியட்டும். அடைக்கும் நாளில் அந்த வாயிலுக்கு இரு பக்கமும் உள்ளோர் ஒன்றாக நின்று அடையுங்கள். கொத்தனார் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாதவரை முதற் செங்கல்லை வைக்காதீர்கள்.